17 மாதம் நாடில்லாமல் நின்ற விமானம்: பதிவு அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானப் பதிவு அலுவலகங்களில் பணிபுரியும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். உங்கள் அலுவலகங்களில் ஒன்றுக்கு அந்த நாட்டு மொழியிலேயே 23 கடிதங்கள் எழுதிவிட்டேன். கோப்பு எண், தேதி, இணைப்புப் பட்டியல் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் எழுதினேன். இந்த ஒரு கடிதத்தை மட்டும் என் மொழியில் எழுதுகிறேன். மனசில் இருப்பதை அப்படியே சொல்ல எனக்கு இதுதான் வரும், அப்புறம் இதே வேலையில் இறங்கப்போகிற தமிழர் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவட்டும். எந்த நாடு, எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் பக்கத்து நாடுகளில் விமானம் வைத்திருப்பவர்களிடம் பேசினால் அவர்களும் இதே கதையைத்தான் வேறு தேதிகளோடு சொல்கிறார்கள்.

நாங்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு தச்சர், நான். நாலு பேரும் காசு போட்டு 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு செஸ்னா 172எம் வாங்கினோம். 1975-ல் செய்தது. நான்கு இருக்கை, மேலே இறக்கை, 150 குதிரைத்திறன் லைகோமிங் இன்ஜின். 172 வரிசையில் இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறெந்த விமானமும் செய்யப்பட்டதில்லை. பிரான்சின் ரைம்ஸ் நகரத்திலேயே உரிமம் வாங்கி இதே விமானத்தை வருஷக்கணக்கில் செய்து விற்றார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களுக்குப் பழக்கமில்லாத ஏதோ ஒரு மெஷினை நாங்கள் கொண்டுவந்து நிறுத்தவில்லை. உங்கள் ஊர் விமானத்தளங்களில் இன்றைக்கும் பல பேர் பறக்கக் கற்றுக்கொள்வது இதில்தான்.

வாங்கும்போதே ஒருவர் சொன்னார், எதற்கு வம்பு, அமெரிக்காவில் ஒரு டிரஸ்ட் பெயரில் போட்டுவிட்டு அந்த ஊர்ப் பதிவு எழுத்தோடேயே (கார் நம்பர் மாதிரி) இங்கே பறங்கள் என்று. ஐரோப்பாவில் பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அது சட்டப்படி சரியும்கூட. நாங்கள் வேண்டாம் என்றோம். எந்த நாட்டில் வாழ்கிறோமோ, எந்த நாட்டுக்கு வரி கட்டுகிறோமோ, அந்த நாட்டின் எழுத்துதான் எங்கள் விமானத்தின் வால் பக்கம் இருக்க வேண்டும், அந்த நாட்டின் கண்காணிப்பில்தான் அது பறக்க வேண்டும் என்று நினைத்தோம். நீங்கள் எங்களைக் கண்காணிக்க வேண்டும் என்று நாங்களாகவே கேட்டு வந்தவர்கள் நாங்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

விமானப் போக்குவரத்துக்காக உலக நாடுகள் 1944-ல் போட்ட சிகாகோ ஒப்பந்தத்தின்படி ஒரு விமானம் ஒரே சமயத்தில் இரண்டு நாடுகளில் பதிவில் இருக்கக்கூடாது. நல்ல விதிதான், காரணம் இருக்கிறது. ஆனால் அதனால் என்ன ஆகிறது? அங்கே பதிவை நீக்கினால்தான் இங்கே பதிவு. அமெரிக்கச் சட்டப்படி, அந்த நாட்டுக் குடிமக்களோ நிரந்தரமாகக் குடியிருப்பவர்களோ இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு விற்ற உடனேயே அந்தப் பதிவு செல்லாது. ஆக விமானம் கைமாறிய பிறகு, நீங்கள் கையெழுத்துப் போடுகிறவரை, அதற்கு நாடு கிடையாது. நாடு இல்லாத விமானம் பறக்க முடியாது, ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகையிலிருந்து பக்கத்துத் தளத்துக்குக்கூடப் போக முடியாது. இந்த இடைவெளி தவிர்க்க முடியாதது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எவ்வளவு நீளம் என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்த மாதத்திலிருந்து எண்ணினாலே எங்களுக்கு அது 17 மாதம். 2022 ஜூனிலிருந்து 2023 நவம்பர் வரை.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் வந்தோம். அமெரிக்காவிலேயே வருடாந்திரப் பரிசோதனை முடித்து, அந்த நாட்டு விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. தருகிற ஏற்றுமதி வான்தகுதிச் சான்றிதழ் (பறக்கத் தகுதியானது என்கிற சான்று) வாங்கினோம். இறக்கைகளைக் கழற்றி 40 அடி கன்டெய்னரில் ஏற்றி, ரோட்டர்டாம் துறைமுகத்தில் இறக்கி, மதிப்புக் கூட்டு வரி கட்டினோம். (ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்த வரி நாட்டுக்கு நாடு 17 சதவீதத்திலிருந்து 27 சதவீதம் வரை போகும். விமானம் வாங்குகிறவர்கள் விலையோடு இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும், எங்கள் தச்சர் நண்பர் போடவில்லை, பாவம்.) உங்கள் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் செய்து என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டோம். ஒரு பக்கப் பட்டியல் வந்தது. ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்றார்கள். பட்டியலில் இருந்த எல்லாவற்றையும், ஒன்றுகூட விடாமல், ஜூன் மாதமே அனுப்பினோம்.

ஆகஸ்டில் முதல் கடிதம் வந்தது. பதிவு நீக்கத்துக்கு எங்கள் கையில் இருந்த நகல் போதாது, ஓக்லஹோமா சிட்டியில் உள்ள அமெரிக்கப் பதிவகமே உங்களுக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்று. சரி, நியாயம், யாரும் போலியாக ஒரு காகிதம் கொண்டுவரலாம். ஆனால் அதை ஏன் பட்டியலில் போடவில்லை? போட்டிருந்தால் நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கும்போதே உங்கள் முகவரியையும் கொடுத்திருப்போம். ஒரு வரி விடுபட்டதில் இரண்டு மாதம் போனது.

2023 ஜனவரியில் அடுத்த கடிதம், வேறு ஒரு அதிகாரியிடமிருந்து. 1984-ல் இந்த விமானத்தில் ஒரு சின்ன ஆட்டோபைலட் பொருத்தியிருக்கிறார்கள். இறக்கையை மட்டமாக வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. அமெரிக்காவில் ஒரு விமானத்தில் பெரிய மாற்றமோ பெரிய பழுதுபார்ப்போ செய்தால் 337 என்ற எண் கொண்ட படிவத்தில் பதிய வேண்டும். எங்கள் விமானத்துக்கு அந்தப் படிவம் இருக்கிறது, மெக்கானிக்கின் கையெழுத்து, ஆய்வாளரின் கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிறது. உங்கள் அதிகாரி கேட்டது, அந்த ஆட்டோபைலட்டின் வடிவமைப்புக்கு ஐரோப்பாவில் செல்லுபடியாகிற ஒப்புதல். அதைச் செய்த கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது? நாலு மாதம் தேடினோம். அமெரிக்காவில் இதே ஆட்டோபைலட் வைத்திருக்கும் ஆட்களைத் தேடிப் பிடித்து, அவர்களிடம் இருந்த பழைய நகல்களையெல்லாம் வாங்கி அனுப்பினோம். போதாது என்று பதில்.

கடைசியில் மே மாதம் அதைக் கழற்றிவிட்டோம். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். 39 வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்த சாதனம். ஒயர்களை வெட்டி, முனையில் மூடி போட்டு, பேனலில் இருந்த ஓட்டையை ஒரு அலுமினியத் தகட்டால் அடைத்தோம். மேகத்துக்குள் தெரியாமல் மாட்டிக்கொண்ட ஒரு விமானியின் கைக்கு ஓய்வு கொடுத்து, வரைபடம் பார்க்க அரை நிமிடம் தருகிற சாதனம் அது. பாதுகாப்பின் பெயரால் நடந்த வேலையில், அந்த விமானத்தின் பாதுகாப்பு அன்றைக்கு ஒரு படி குறைந்தது. அப்புறம் எடை மாறிவிட்டதால் ஜூனில் மறுபடி எடை போட வேண்டும், அதற்கு ஒரு செலவு.

ஜூலையில் இரைச்சல் சான்றிதழ். ஐரோப்பாவில் எந்த மாடல், எந்த இன்ஜின், எந்த புரொப்பல்லர், என்ன எடை என்று பார்த்து அதற்குரிய இரைச்சல் அளவு எழுதுவீர்கள். எங்கள் புரொப்பல்லரின் மாடல் பெயரில் ஓர் எழுத்து, லாக்புக்கில் ஒன்றாகவும் புரொப்பல்லரின் நடுக்கட்டையில் வேறாகவும் இருந்தது. ஏதோ ஒரு பட்டறையில் யாரோ கைதவறி எழுதியது. பித்தளை பிரஷ்ஷால் துடைத்து, வெளிச்சத்தில் எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் வர ஒன்பது வாரம். போட்டோவைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

அக்டோபரில் காப்பீடு. 1,000 கிலோவைத் தாண்டிய விமானத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு குறைந்தது 30 லட்சம் எஸ்.டி.ஆர். இருக்க வேண்டும் என்பது 2004-ல் வந்த ஐரோப்பிய விதி. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. எங்கள் விமானத்தின் உச்ச எடை 1,043 கிலோ, ஆக அதற்குள் வருகிறோம், கட்டத் தயார். காப்பீட்டுக்காரர் பதிவு எழுத்து இல்லாமல் பாலிசி தர மாட்டேன் என்கிறார். நீங்கள் பாலிசி இல்லாமல் பதிவு எழுத்து தர மாட்டேன் என்கிறீர்கள். மூன்று வாரம் இரண்டு பேருக்கும் நடுவில் நான் போன் பேசிக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் உங்கள் அலுவலகத்தில் ஒரு அம்மா போனை எடுத்தார். "எழுத்தை முன்பதிவு செய்து ஒரு தாள் தருகிறேன், அதைக் காட்டுங்கள்" என்றார். மறுநாளே தந்தார். அவருக்கு இந்தக் கடிதத்தில் மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் அந்தத் தாளை முதல் நாளே தந்திருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில், 2023 மார்ச்சில், உங்கள் ஆய்வாளர் ஒருவர் விமானத்தைப் பார்க்க வந்தார். அந்த நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வந்தார், கோட்டைக் கழற்றி இறக்கை முட்டுக்கட்டையில் மாட்டினார், ஒரு டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வால் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். கட்டுப்பாட்டு ஒயர்களை விரலால் தடவிப் பார்த்தார். கதவுத் தூணில் இருக்கும் அடையாளத் தகட்டின் எண்ணை லாக்புக்கோடு ஒப்பிட்டார். பிறகு முன் இருக்கைகளைக் கழற்றச் சொன்னார். செஸ்னாவின் இருக்கைத் தண்டவாளம் எல்லா விமானிக்கும் தெரிந்த விஷயம்: தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும், இருக்கையின் ஊசி அதில் இறங்கிப் பிடிக்கும். துளை தேய்ந்தால் ஊசி நழுவும். மேலெழும்பும்போது இருக்கை பின்னால் ஓடும், விமானி விழாமல் இருக்க ஸ்டியரிங்கை இழுப்பார், மூக்கு மேலே போகும், அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1987-லிருந்து இதற்கென்றே கட்டாயப் பரிசோதனை ஆணை இருக்கிறது. எங்கள் மெக்கானிக் பார்த்திருந்தார், அமெரிக்காவிலும் பார்த்திருந்தார்கள். ஆனாலும் இடது இருக்கையின் உள்பக்கத் தண்டவாளத்தில், முன்னாலிருந்து நான்காவது துளையின் ஓரத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைச் சாய்த்து, என் கண்ணாலேயே பார்க்க வைத்தார்.

ஒன்பது நாளில் புதுத் தண்டவாளம் வாங்கிப் போட்டோம். அந்த மனிதருக்கு நாங்கள் நாலு பேரும், எங்களோடு பறக்கப்போகிற எங்கள் பிள்ளைகளும் கடன்பட்டிருக்கிறோம். அதனால்தான் நான் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. 50 வருஷப் பழைய விமானம் கடல் தாண்டி வருகிறது, உள்ளே துரு இருக்கலாம், விழுந்து எழுந்த கதையை யாராவது மறைத்திருக்கலாம், நீங்கள் சந்தேகப்படுவது உங்கள் கடமை. ஆனால் கணக்கைப் பாருங்கள். விமானத்தைத் தொட்டுப் பார்த்த வேலை ஒரு காலைப்பொழுது, மூன்றரை மணி நேரம். உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே கண்டுபிடிப்பு அந்த மூன்றரை மணி நேரத்தில் வந்தது. மீதி 17 மாதத்தில் காகிதத்தைத் தவிர வேறு எதையும் யாரும் பார்க்கவில்லை.

அந்த 17 மாதம் விமானத்துக்கு என்ன செய்தது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. லைகோமிங் இன்ஜினில், வால்வுகளைத் திறக்க வைக்கிற தண்டான கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. பறக்காமல் நின்றால் அதன்மேல் இருக்கும் எண்ணெய் வழிந்து கீழே போய்விடும், வெறும் எஃகு ஈரக்காற்றில் நிற்கும். 30 நாளுக்கு மேல் பறக்காவிட்டால் பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி மூடி வையுங்கள் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்கள். தரையில் நிறுத்தி இன்ஜினை ஓட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, அப்படி ஓட்டினால் எண்ணெய் போதிய சூடாகாமல் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், நிலைமை இன்னும் மோசம். எட்டு வாரம் என்று நீங்கள் சொன்னதை நம்பி, நாங்கள் முதல் ஆறு மாதம் மூடி வைக்கவில்லை. டிசம்பரில்தான் விழித்துக்கொண்டு, மேல்பக்க ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் அடைத்த குப்பிகளைத் திருகினோம். ஈரம் ஏறினால் அந்த நீலம் ரோஸ் நிறமாகும். எங்கள் ரயில் ஓட்டுநர் நண்பர் சனிக்கிழமை தவறாமல் சைக்கிளில் வருவார், ரோஸ் ஆன மணிகளைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் காயவைத்து, நீலமாக்கிக் கொண்டுவந்து மாட்டுவார். 40 சனிக்கிழமைக்கு மேல் அப்படி வந்தார். பதிவு கிடைத்த பிறகு ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தோம். கேமின் இரண்டு முனைகளில் அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள். அந்த முதல் ஆறு மாதத்தின் வேலை. இன்ஜினைப் பிரித்துச் செய்ததில், விமானம் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு போனது.

பணம் போகட்டும். அந்த நண்பருக்கு வயது 74. 50 வயதுக்கு மேல் விமானிக்கான இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். 2022-ல் அவருக்கு அது கையில் இருந்தது. 2023 ஜூலையில், நீங்கள் புரொப்பல்லர் எழுத்தைப் பற்றிக் கடிதம் எழுதிய அதே மாதம், அவருடைய இதயத்துடிப்பில் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சொந்த விமானத்தில், விமானிக்கான இடது இருக்கையில் உட்கார்ந்து ஒரு முறைகூட அவர் பறக்கவில்லை. இதற்கு உங்களைக் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை, இதயம் யார் சொல்லையும் கேட்காது. எட்டு வாரம் என்று சொன்ன இடத்தில் எட்டு வாரம் ஆகியிருந்தால் அவருக்கு ஒரு கோடைகாலமாவது கிடைத்திருக்கும், அதைத்தான் சொல்கிறேன்.

விதிகள்தான் காரணம் என்று சொல்லாதீர்கள். விதிகள் இளகிக்கொண்டுதான் வருகின்றன. கொலோனில் இருக்கும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசா சிறு விமானங்களுக்கு எளிய, இலகுவான, சிறந்த விதிகள் என்று பல வருஷமாகவே சொல்லி வருகிறது. 2020 மார்ச் 24 முதல் நடைமுறையில் இருக்கும் பார்ட்-எம்.எல். என்கிற சிறு விமானப் பராமரிப்பு விதிப்படி, என் விமானத்தின் பராமரிப்புத் திட்டத்தை நானே என் பொறுப்பில் அறிவித்துக்கொள்ளலாம். அமெரிக்காவோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்துகொண்ட விமானப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2011-லிருந்தே இருக்கிறது, ஒருவர் செய்த சோதனையை இன்னொருவர் மதிக்க வேண்டும் என்பதற்காகவே போட்டது. உள்ளே இருக்கும் சொந்தக்காரரை இவ்வளவு நம்புகிற விதிகள் வாசலில் நிற்பவரை ஏன் இப்படி நிறுத்துகின்றன? பக்கத்துத் தளத்தில் ஒருவர் பிரிட்டனில் ஒரு பைப்பர் விமானம் வாங்கினார். பிரிட்டன் ஐரோப்பிய விதிகளுக்குள் இருந்த கடைசி நாளான 2020 டிசம்பர் 31-க்குள் வந்திருந்தால் அது ஐரோப்பிய நாடுகளுக்குள் இடம் மாறுகிற விமானம், வேலை சுலபம். அவர் 2021-ல் வாங்கினார், ஆகவே அது வெளிநாட்டு இறக்குமதி. அதே விமானம், அதே ஹேங்கர், அதே மெக்கானிக்.

நான் கேட்பது புது விதி எதுவும் இல்லை. முதலில், அங்கே பதிவை நீக்குவதற்கு முன்னால் எங்கள் காகிதங்களைப் பாருங்கள். லாக்புக், 337 படிவங்கள், புரொப்பல்லர் எண், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்புகிறோம், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் தருகிறோம். ஆட்டோபைலட் சிக்கலாகும் என்று ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் ஒஹாயோவிலேயே கழற்றியிருப்போம், இல்லை வேறு விமானம் பார்த்திருப்போம். பார்த்த பிறகு என்ன வேண்டும் என்பதை மொத்தமாக ஒரே கடிதத்தில் எழுதுங்கள், பத்துப் பக்கம் வந்தாலும் பரவாயில்லை. ஒரு கோப்புக்கு ஓர் அதிகாரி இருக்கட்டும், எங்களுக்கு நான்கு பேர் மாறினார்கள், ஒவ்வொருவரும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

அப்புறம், என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது: பதிவையும் வான்தகுதிச் சான்றிதழையும் பிரியுங்கள். விமானம் யாருடையது என்பது ஒரு கேள்வி, அது பறக்கத் தகுதியானதா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விற்பனைப் பத்திரமும் பதிவு நீக்கக் கடிதமும் போதும், ஒரு வாரத்தில் பதில் சொல்லலாம். அந்தப் பதிவு எழுத்து கையில் இருந்தால் காப்பீடு கிடைக்கும், உங்கள் ஆய்வாளர் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு தற்காலிகப் பறப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், கட்டுப்பாட்டோடு மாதம் ஒருமுறை பறந்து இன்ஜினைக் காப்பாற்றலாம். இரைச்சல் சான்றிதழின் எழுத்தை நீங்கள் அதன் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

எங்கள் கோப்பு 412 பக்கம். தேதிவாரியாக அடுக்கி, எந்தக் காகிதம் எப்போது கேட்கப்பட்டது, எப்போது கொடுத்தோம், எத்தனை நாள் கழித்துப் பதில் வந்தது என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். உங்களில் எந்த அலுவலகம் கேட்டாலும் நேரில் கொண்டுவந்து மேசையில் வைத்து விளக்கத் தயார். இல்லை, நீங்கள் இங்கே வருவதானால் சனிக்கிழமை வாருங்கள். நாலு பேரும் ஹேங்கரில்தான் இருப்போம். ரயில் ஓட்டுநர் இப்போதும் சைக்கிளில் வருகிறார், வலது இருக்கையில் ஆசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கிறார்.

இப்படிக்கு,
நால்வர் சார்பில், செஸ்னா 172எம் ஒன்றின் கால்பங்குச் சொந்தக்காரர்